இடமில்லை

இரவு இரண்டு பத்துக்குக் குப்புராஜ் போன்:
"அக்கா, கேட் பாஸ் வரல.
லாரிங்க ரவுண்டானா தாண்டி நிக்குதுங்க."

சாத்தாங்காட்டு யார்டில்
பழைய கண்டெய்னரை வெட்டி ஜன்னல் வைத்த ஆபீஸ்.
மேஜைக்கடியில், எல்லாரும் செருப்பு விடும் இடத்தில், சர்வர்.
உப்புக் காற்று தின்ற திருகாணிகள்.

முதலில் யாரும் செய்வதையே செய்தேன்:
நிறுத்தி மறுபடி ஓடவிட்டேன்.
எழுந்தது, இரண்டு மூச்சு விட்டது, படுத்துக்கொண்டது.
லாகின் கடைசி வரி:
சாதனத்தில் இடமில்லை.

டிஸ்க்கைக் கேட்டேன்.
நாற்பத்தேழு சதவீதம்தான் நிறைந்திருக்கிறது என்றது.
பாதிக்கு மேல் காலி.
ஆனால் டேப் சாவியைத் தட்டினால்கூட
ஒரு தற்காலிகக் கோப்பு உண்டாக்க வழியில்லை என்று முனகுகிறது.
மறுபடி கேட்டேன். நாற்பத்தேழு.
எனக்கு அசிங்கமாக இருந்தது, பொய் சொல்வது
அதுவா நானா என்று தெரியாமல்.

நெல்லூர் வண்டி சத்திபாபு ஜன்னலில் தலையை நீட்டினான்.
"எந்தசேபு அம்மா?"
"இடம் இருக்குது, ஆனா இல்லன்னு சொல்லுது."
"ஹவுசிங் போர்டா?" என்று சிரித்தான்.

அப்போதுதான் உறைத்தது.
நான் நிலத்தை அளந்துகொண்டிருந்தேன்.
கேட்டிருக்க வேண்டியது கதவு எண்ணை.

ஐநோடு.
கோப்புக்கு ஒன்று, வெறும் கோப்பானாலும் ஒன்று,
டிஸ்க்கைத் தயார் செய்த அன்றே எண்ணிக் கொடுத்தது,
பதின்மூன்று லட்சத்துச் சொச்சம்.
மிச்சம்: பூஜ்யம்.

யார் இத்தனை பேர் குடிவந்தது?
அடைவு அடைவாக எண்ணிக்கொண்டே இறங்கினேன்.
ஸ்பூலுக்குள், போஸ்ட்ஃபிக்ஸுக்குள்,
மெயில்டிராப் என்ற பெட்டியைத் தொட்டதும்
திரை அப்படியே நின்றது.
குப்புராஜ் வாங்கி வந்த டீ ஆறி ஆடை கட்டியது.

கடிதங்கள்.
பன்னிரண்டரை லட்சம்.
தபால் சேவையை யாரோ எப்போதோ அணைத்திருக்கிறார்கள்;
எழுதுகிறவனிடம் யாரும் சொல்லவில்லை.
ஒன்றைப் பிரித்தேன்.
அனுப்புநர் கிரான். பெறுநர் ரூட்.
அப்படி ஒரு கோப்புறை இல்லை.
இன்னொன்று. அப்படி ஒரு கோப்புறை இல்லை.
நிமிடத்துக்கு ஒன்று, ரெண்டு வருஷம் நாலு மாசமாக.
நடுவில் ஒரே ஓர் இடைவெளி, முப்பத்தாறு மணி நேரம்:
யார்டில் முழங்கால் தண்ணீர் நின்று
சர்வரைத் தூக்கி பீரோ மேல் வைத்த மழை.
கரண்ட் வந்த அடுத்த நிமிடமே
விட்ட இடத்திலிருந்து எழுத ஆரம்பித்திருக்கிறது.

எங்கள் தெருக் குழாயில் எண்ணெய் வாடை என்று
நான் கொடுத்த மனுவுக்கு ஒரு எண் தந்தார்கள்.
அந்தச் சீட்டு இன்னும் பர்ஸில் இருக்கிறது.
அதற்கு மேல் யோசிக்க நேரமில்லை.
ஹாரன் சத்தம்.

அந்தக் கோப்புறையின் பெயரை மாற்றியது நான்தான்.
ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம்,
ஷேர் ஆட்டோவைப் பிடிக்கும் அவசரத்தில்.
குப்புராஜிடம் இதைச் சொல்லவில்லை.
"பழைய குப்பைடா" என்றேன்.

மொத்தமாக அழி என்றேன்.
பட்டியல் மிக நீளம் என்று மறுத்தது.
சரி, ஒவ்வொன்றாகத் தேடித் தேடி அழி.
முக்கால் மணி நேரம்.
அதற்குள் எல்லாம் முடியவேண்டியதில்லை;
முதல் ஆயிரம் போனதுமே
பிரிண்டர் இருமி ஒரு பாஸைத் துப்பியது.
சத்திபாபு அதை நெற்றியில் ஒற்றிக்கொண்டு ஓடினான்.
கியர் விழும் சத்தம், ஒன்றன்பின் ஒன்றாக,
எண்ணூர் பக்கம் போய்க் கரைந்தது.

அழித்து முடித்தபின் பெட்டியை எண்ணிப் பார்த்தேன்.
ஒன்று.

நாலு மணி ஏழு நிமிடம்.
அப்படி ஒரு கோப்புறை இல்லை.

நாற்காலியை இழுத்துப் போட்டு
கிரான் அட்டவணையைத் திறந்தேன்.
நாலு எட்டுக்குள் முடியாது.
நாலு ஒன்பதுக்குப் பார்க்கலாம்.